கிட் குரோம் கழற்றல்: எந்த அறிகுறிக்கு எந்த வைத்தியம்

பிளாஸ்டிக் கார் கிட் (பாகங்களை ஒட்டிச் செய்யும் மாடல் கார்) கட்டுகிறவர்களுக்கு முதல் எரிச்சல் அந்தக் குரோம் ஸ்ப்ரூதான், அதாவது பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் குரோம் பூசிய சட்டம். பம்பர், கிரில், வீல் ரிம், சைலன்சர் எல்லாம் கல்யாண வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி மின்னிக்கொண்டு வரும். ஸ்ப்ரூவில் இருந்து வெட்டினால் வெட்டிய இடத்தில் பிளாஸ்டிக் பல்லிளிக்கும். நடுவில் மோல்டு கோடு, அச்சின் இரண்டு பாதி சேரும் இடத்தின் தழும்பு, ஓடும். அதை உப்புத்தாளில் தேய்த்தால் கோட்டோடு குரோமும் போகும். அதனால் மொத்தமாகக் கழற்றிவிட்டுப் புதிதாகப் பெயிண்ட் அடிப்பதுதான் பலரும் செய்வது.

கேரள, தமிழக எல்லையோரம் கொழிஞ்சாம்பாறையில் எனக்கு மிக்சி, ஃபேன் ரிப்பேர் கடை. கிட் கட்டுவது பின்னறை வேலை. சித்தூர், வேலந்தாவளம், பொள்ளாச்சிப் பக்கத்துப் பையன்கள் பாதியில் சிக்கிய பாகங்களைத் தீப்பெட்டியில் போட்டுக் கொண்டுவருவார்கள். அநேகமாக எல்லாச் சிக்கலும் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது. குரோம் ஒரே படலம் என்று நினைத்துவிடுகிறார்கள். அது இரண்டு, சில கிட்டில் மூன்று. பிளாஸ்டிக்கின் மேல் ஒரு வார்னிஷ். அதன் மேல் கண்ணுக்குத் தடிமனே தெரியாத அலுமினியம். சிலவற்றில் அதற்கும் மேலே ஒரு கிளியர் கோட். கிட் குரோம் என்பது பெயர்தான், உள்ளே குரோமியம் கிடையாது. அலுமினியத்தைத் தின்னும் ப்ளீச் வார்னிஷைத் தொடாது. இப்போது எந்தப் படலம் மிச்சம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. தியரி இவ்வளவு போதும்.

தொடங்கும் முன்

எந்த மருந்தானாலும் முதலில் ஸ்ப்ரூவின் துண்டு ஒன்றை வெட்டி அதில் போட்டுப் பாருங்கள். பாகமும் ஸ்ப்ரூவும் ஒரே பிளாஸ்டிக், ஒரே பூச்சு. ஸ்ப்ரூ துண்டுக்கு ஆவதுதான் பம்பருக்கும் ஆகும். இதைச் செய்யாமல் என்னிடம் வந்த தீப்பெட்டிகள்தான் அதிகம்.

அப்புறம், கீழே வரும் மருந்துகள் எதையும் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. ப்ளீச்சோடு ஹார்பிக் மாதிரி அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். வினிகரும் அமிலம்தான். ப்ளீச்சோடு அம்மோனியா உள்ள கண்ணாடித் துடைப்பான் சேர்ந்தாலும் விஷவாயு. ஆல்கஹாலும் ப்ளீச்சும் சேரவே கூடாது. கிணற்றில் போடும் பிளீச்சிங் பவுடரும் பிரேக் ஆயிலும் சேர்ந்தால் கொஞ்ச நேரத்தில் தானாகவே தீப்பிடிக்கும். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் பாதி வீட்டில் பவுடரும் இருக்கிறது, பைக்குக்கான பிரேக் ஆயிலும் இருக்கிறது, இரண்டும் ஒரே பரணில். முதல் வேலையாக அதைப் பிரித்து வையுங்கள்.

ஒரு மருந்தில் இருந்து இன்னொன்றுக்குப் போகும்போது நடுவில் நிறையத் தண்ணீரில் அலசிக் காயவைக்க வேண்டும். ரப்பர் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, திறந்த வாசல். குழந்தைகள் இருக்கும் வீட்டில் மிச்சத்தைக் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள்.

அறிகுறி: ப்ளீச்சில் ஊறியும் குரோம் அசையவே இல்லை

நல்ல ப்ளீச்சில் சாதாரணக் கிட் குரோம் கால் மணி நேரத்தில் மங்க ஆரம்பிக்கும். ஓரிரண்டு மணி நேரத்தில் போய்விடும். சில பிடிவாதமான கிட்டுக்கு ஒரு ராத்திரி. மறுநாள் காலையில் எடுத்துப் பார்த்தும் முகம் பார்க்கிற அளவுக்கு மின்னினால் கீழே உள்ளபடி வரிசையாகப் பாருங்கள்.

பாட்டிலில் இருப்பது ப்ளீச்தானா? சிரிக்காதீர்கள். என் அக்கா மகனைக் கடைக்கு அனுப்பினேன். "மாமா, கெடச்சிருச்சு" என்று ஓடிவந்தான். கையில் முகத்துக்குப் போடும் ப்ளீச் கிரீம். கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது, இவன் கேட்டது அப்படி. லேபிளில் சோடியம் ஹைப்போகுளோரைட் என்று இருக்க வேண்டும். வெள்ளைத் துணிக்கு ஊற்றும் திரவ ப்ளீச் போதும், 4 சதவீதம் அல்லது அதற்கு மேல். கலர் துணிக்கு என்று விற்கும் 'ஆக்சிஜன்' வகை வேலைக்கு ஆகாது. பிளீச்சிங் பவுடரைக் கரைத்தும் பார்த்திருக்கிறேன். மெதுவாக வேலை செய்கிறது, அப்புறம் சுண்ணாம்பு படிந்து இன்னொரு தலைவலி. அது கிணற்றுக்கே இருக்கட்டும்.

ப்ளீச் செத்துவிட்டதா? ஹைப்போகுளோரைட் வெயிலிலும் வெளிச்சத்திலும் தானாகவே பலம் இழக்கும். பாலக்காட்டு ஏப்ரல் வெயிலில் கடை முன்னால் தொங்கும் பாட்டிலில் மூடியைத் திறந்தால் வாசனையே இருக்காது. பழைய வெள்ளைத் துணியில் மஞ்சள் கறை வைத்து ஒரு சொட்டு விடுங்கள். கறை கால் மணி நேரத்தில் வெளுக்கவில்லை என்றால் அந்தப் பாட்டிலைக் குளியலறை கழுவ வைத்துக்கொண்டு வேறு வாங்குங்கள். தேதி பார்த்து, கடையின் உள் அலமாரியில் இருப்பதைக் கேளுங்கள். தண்ணீர் கலக்க வேண்டாம்.

மேலே கிளியர் கோட் இருக்கிறதா? தங்கக் கலர் பாகம் என்றால் அநேகமாக இருக்கும். கிட்டில் வரும் தங்கம் பெரும்பாலும் வெள்ளிப் பூச்சின் மேல் மஞ்சள் கிளியர் அடித்தது. ப்ளீச் அதைத் தாண்டி அலுமினியத்துக்குப் போவதில்லை. வெள்ளியாக இருந்தாலும் சோதிக்கலாம். பஞ்சுக்குச்சியை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்து ஸ்ப்ரூவில் ஒரு நிமிடம் தேயுங்கள். பஞ்சு மஞ்சளாகவோ பிசுபிசுப்பாகவோ வந்தால் கிளியர் கோட்தான். அதை ஆல்கஹாலிலேயே எடுத்து, நன்றாகக் கழுவிக் காயவைத்து, அப்புறம் ப்ளீச். பஞ்சில் ஒன்றும் வரவில்லையா? ஸ்ப்ரூ துண்டின் ஓரத்தைக் கத்தியால் கீறிவிட்டு ப்ளீச்சில் போடுங்கள். கீறிய கோட்டில் இருந்து கறுப்பாக அரித்துக்கொண்டே போனால் மேலே ஏதோ ஒரு பூச்சு தடுக்கிறது என்று அர்த்தம், பிரேக் ஆயிலுக்குப் போகலாம்.

கீறியும் அரிக்கவில்லையா? அப்படியானால் அது கிட் குரோமே இல்லை. போன மழைக்காலத்தில் பக்கத்து வீட்டு அண்ணன் தன் காரின் எம்பளத்தைக் கொண்டுவந்து, "இதையும் உங்க தண்ணியில போட்டுக் குடுங்க" என்றார். மூன்று நாள் ஊறியது. புதுப் பெண் மாதிரி இன்னும் பளிச்சென்று இருந்தது. பின்பக்க ஓரத்தைக் கத்தியால் நெம்பினேன். முட்டை ஓடு மாதிரி சில்லாக ஒரு தகடு எழும்பியது, அதன் அடிப்பக்கம் செம்பு நிறம். அது ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் செம்பு, நிக்கல், அதன் மேல் உண்மையான குரோமியம் ஏற்றிய எலக்ட்ரோபிளேட்டிங். சில பழைய பொம்மைகளிலும் ரிமோட் கார்களிலும் இது வரும். கை பட்டால் சில்லென்று இருக்கும், எடையும் கொஞ்சம் கூட.

இங்கே நிறுத்துங்கள். அதைக் கழற்ற அமிலம் வேண்டும், கழுவும் தண்ணீரில் குரோமியமும் நிக்கலும் வரும். அது வீட்டுச் சாக்கடையில் விடக் கூடியதல்ல, எங்கள் பக்கம் சாக்கடைக்கும் கிணற்றுக்கும் பத்தடி தூரம்தான். கோவைப் பிளேட்டிங் பட்டறைகளில் கேட்கலாம். ஒரு சின்னப் பாகத்துக்கு அவர்கள் மெனக்கெட மாட்டார்கள், அது வேறு விஷயம். பெயிண்ட் அடிக்கத்தான் என்றால் கழற்றவே வேண்டாம். 600 நம்பர் உப்புத்தாளில் பளபளப்பு மங்கும்வரை தேய்த்து பிரைமர் அடித்தால் பிடித்துக்கொள்ளும். அண்ணனுக்கு அதைத்தான் செய்து கொடுத்தேன்.

அறிகுறி: வெள்ளி போயிற்று, ஆனால் மஞ்சளாக ஒரு தோல் நிற்கிறது

எனக்கு அதிகம் வருவது இதுதான். ப்ளீச் தன் வேலையை முடித்துவிட்டது. நீங்கள் பார்ப்பது அடியில் உள்ள வார்னிஷ். இன்னும் ரெண்டு நாள் ப்ளீச்சில் போட்டாலும் அது போகாது.

அதை எடுக்கத்தான் வேண்டுமா என்று முதலில் பாருங்கள். பாகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். கிரில் கம்பிகளும் போல்ட் தலைகளும் கூர்மையாகத் தெரிகிறதா? நகத்தால் சுரண்டினால் உரியாமல் நிற்கிறதா? அப்படியானால் விட்டுவிடுங்கள், அதுவே நல்ல அண்டர்கோட். ஒட்டும் இடத்தில் மட்டும் சுரண்டினால் போதும். நான் பாதி வேலைகளில் இதைத்தான் செய்கிறேன், சோம்பேறித்தனம் என்று சொன்னாலும் சரி. மூலைகளில் மெழுகு வடிந்த மாதிரி வார்னிஷ் தேங்கி, நுட்பங்கள் மூழ்கியிருந்தால்தான் அடுத்த படி.

ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். மொபைல் ரிப்பேர் சாமான் கடையில் 99 சதவீதம் கிடைக்கும். கை சானிடைசரில் ஜெல் கலந்திருக்கும், வேண்டாம். மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் பாகத்தை மூழ்கவைத்து, அரை மணிக்கு ஒருமுறை எடுத்துப் பழைய பல் துலக்கியால் தேயுங்கள். வார்னிஷ் மெலிந்து சுருள் சுருளாக வரும். இரண்டு, மூன்று மணி நேரத்தில் வரவில்லை என்றால் இந்த வார்னிஷ் ஆல்கஹாலுக்கு மசியாத ரகம். ராத்திரி முழுக்க விட்டுவைக்காதீர்கள். மெல்லிய கண்ணாடிச் சட்டங்கள் காலையில் அப்பளம் மாதிரி நொறுங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது பிரேக் ஆயில். டாட் 3 அல்லது டாட் 4. எந்த ஒர்க்‌ஷாப்பிலும் கிடைக்கும், கால் லிட்டர் போதும். டாட் 5 சிலிக்கோன் வகை, அது எதையும் கழற்றாது. ப்ளீச் வாசனை துளியும் இல்லாமல் கழுவிக் காய்ந்த பாகத்தைத்தான் இதில் போட வேண்டும். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள். பிடிவாதமான வார்னிஷுக்கு ஒரு நாள் கூட ஆகும். இதன் நல்ல குணம், அலுமினியத்தையும் வார்னிஷையும் ஒரேயடியாகத் தோலோடு உரிப்பது. கெட்ட குணம், கையிலும் மேசை பாலிஷிலும் பட்டால் அவற்றையும் உரிக்கப் பார்ப்பது. வாசலில் நிறுத்திய பைக் டாங்கில் சிந்தினால் அப்புறம் அது வேறொரு கட்டுரை. பயன்படுத்திய ஆயிலைக் கொட்ட வேண்டாம், அதே குப்பியில் அடுத்த கிட்டுக்கும் உதவும். என்னுடையது இரண்டு வருடமாக ஓடுகிறது, கறுத்துப் போய்க் கஷாயம் மாதிரி இருக்கிறது. கடைசியில் பழைய ஆயில் எடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் இது பிரேக் ஆயில் என்று சொல்லித் தனியாகக் கொடுத்துவிடுங்கள்.

கடைசி ஆயுதம் காஸ்டிக் சோடா. தேங்காய் எண்ணெய் சோப்பு காய்ச்சும் வீடுகளில் இது இருக்கும். 1 லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம். தண்ணீரில் சோடாவைப் போட வேண்டும், சோடாவின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது, தெறிக்கும். கரையும்போது சூடாகும், ஆறியதும் பாகத்தைப் போடுங்கள். அலுமினியம் நிமிடங்களில் நுரைத்துப் போய்விடும், சில கிட்டில் வார்னிஷும் கூடவே உரியும். கிட்டின் ஸ்டைரீன் பிளாஸ்டிக்கை அது ஒன்றும் செய்யாது. உங்கள் தோலையும் கண்ணையும் நிறையச் செய்யும்.

பாத்திரம் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். அக்கா மகன் ஒருநாள் நான் இல்லாதபோது சமையலறையில் இருந்து அலுமினியச் சொம்பை எடுத்து அதில் கலக்கிவிட்டான். நான் வரும்போது சொம்பு பால் பொங்குவது மாதிரி பொங்கிக்கொண்டிருந்தது. அடிப்பாகம் கறுத்து, விரலால் அழுத்தினால் தகடு உள்ளே போனது. வெளிவந்தது ஹைட்ரஜன். அடுப்பு எரியும் அறை. சொம்பை வாசலுக்குத் தூக்கிப் போன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அக்கா மூன்று நாள் எங்கள் இருவரிடமும் பேசவில்லை. அது அவள் மாமியார் கொடுத்த சொம்பு.

காஸ்டிக்கிலும் போகவில்லை என்றால் மென்மையாகத் தேய்த்துப் போகிற அளவுக்கு எடுத்துவிட்டு விட்டுவிடுங்கள். தின்னரைத் தேடிப் போகாதீர்கள். ஏன் என்று கீழே வருகிறது.

அறிகுறி: எல்லாம் போயிற்று, இடுக்கில் மட்டும் வெள்ளி

சின்ன விஷயம். பெரும்பாலும் காற்றுக் குமிழி. ரிம்மின் குழியிலோ கிரில் பின்புறத்திலோ குமிழி ஒட்டிக்கொண்டால் அங்கே மருந்து போகாது. குப்பியைத் தட்டுங்கள், பாகத்தைப் புரட்டிப் போடுங்கள். குமிழி இல்லை என்றால் எண்ணெய்ப் பிசுக்கு, பாத்திரம் தேய்க்கும் சோப்பில் பல் துலக்கியால் தேய்த்துவிட்டு மறுபடி ஊறவையுங்கள். கிரில் இடுக்குக்குத் தென்னங்குச்சி நல்லது, பிளாஸ்டிக்கைக் கீறாது. ஊசி வேண்டாம். இரும்புத் திருகு, அச்சுக் கம்பி எதையும் கூடவே ப்ளீச்சில் போடாதீர்கள், துருப்பிடித்துப் பாகத்தில் செங்கறை ஏறும். பாகங்களை எடுக்க பிளாஸ்டிக் டீ வடிகட்டி போதும்.

அறிகுறி: பாகம் மெத்தென்று ஆகிவிட்டது, அல்லது வெடித்து, வளைந்துவிட்டது

என்ன மருந்து போட்டீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. மூன்று நிலைமை உண்டு.

தின்னர், பெட்ரோல், நெயில் பாலிஷ் ரிமூவர் இதில் ஏதாவது என்றால் முடிந்தது. அவை குரோமைக் கழற்றுவதில்லை, அதன் அடியில் உள்ள பிளாஸ்டிக்கையே கரைக்கின்றன. உடனே எடுத்து, தொடாமல், துடைக்காமல், இரண்டு நாள் காயவிடுங்கள். மேல்தோல் மட்டும் இளகியிருந்தால் கெட்டியாகிவிடும், அப்புறம் தேய்த்துச் சமன் செய்யலாம். வடிவமே உருகியிருந்தால் மாற்றுப் பாகம்தான். மங்கலாகத் தொடங்கியபோதே "குரோம் போகுதுங்கண்ணா" என்று மகிழ்ச்சியாகத் தேய்த்துக்கொண்டே இருந்த ஒரு பையனின் பம்பரில் அவன் கைரேகை இன்னும் இருக்கிறது. அதை நான் கடையில் மாட்டி வைத்திருக்கிறேன், வருகிறவர்களுக்குக் காட்ட.

ஆல்கஹால், பிரேக் ஆயிலில் நாள் கணக்கில் கிடந்து மயிரிழை வெடிப்பு விட்டிருந்தால் பிளாஸ்டிக் சிமெண்டை (கிட் ஒட்டும் பசை) மெல்லிய தூரிகையில் எடுத்து வெடிப்பின் மேல் ஓடவிட்டால் மூடிக்கொள்ளும். கிளியர் பாகத்தில், அதாவது ஹெட்லைட், கண்ணாடியில் விழுந்த வெடிப்பு மூடாது. கிளியர் பாகத்தில் குரோம் இருந்தால் ப்ளீச் தவிர வேறு எதுவும் வேண்டாம்.

வளைந்துவிட்டது என்றால் சீக்கிரம் போகட்டும் என்று சுடுதண்ணீர் ஊற்றியிருப்பீர்கள். கிட் பிளாஸ்டிக் 100 டிகிரிக்குப் பக்கத்திலேயே முழுக்க இளகும், மெல்லிய பாகம் அதற்கு முன்பே நெளியும். அதே வித்தையால் நிமிர்த்தலாம். கை பொறுக்காத சூட்டில் தண்ணீர் எடுத்து, பாகத்தை இடுக்கியால் சில விநாடி முக்கி, கண்ணாடித் தட்டின் மேல் வைத்து மெதுவாக நிமிர்த்தி, பச்சைத் தண்ணீரில் போடுங்கள்.

அறிகுறி: கண் எரிகிறது, தொண்டை கரகரக்கிறது

பாகத்தை மறந்துவிடுங்கள். அறையை விட்டு வெளியே வாருங்கள், கதவைத் திறந்து வையுங்கள். குப்பியை மோந்து பார்த்துக் காரணம் தேட வேண்டாம். அநேகமாக எங்கோ அமிலமும் ப்ளீச்சும் சேர்ந்திருக்கின்றன. பெரும்பாலும் ப்ளீச்சைக் கழிவறையில் ஊற்றுவதில் நடக்கும், அங்கே ஏற்கெனவே ஹார்பிக் ஊற்றியிருக்கிறார்கள். காற்றில் நின்றும் இருமல் நிற்கவில்லை, மூச்சு இறுக்குகிறது என்றால் 108. இரண்டு மாநிலத்திலும் அதே எண்தான், எல்லை எந்தப் பக்கம் என்று யோசிக்க வேண்டாம். கண்ணில் ப்ளீச்சோ காஸ்டிக்கோ தெறித்தால் கால் மணி நேரமாவது ஓடும் தண்ணீரில் கண்ணைத் திறந்து வைத்துக் கழுவுங்கள், பிறகு நேராக ஆஸ்பத்திரி. காஸ்டிக்குக்கு வலி குறைந்தாலும் போகத்தான் வேண்டும்.

அறிகுறி: காய்ந்ததும் வெள்ளைத் தூள் படிகிறது

எங்கள் பக்கத்துக்கே உரிய வியாதி. கேரளம் என்றால் மழையும் பச்சையும் என்று நினைப்பவர்கள் சித்தூர் வட்டத்தின் பனைமரங்களைப் பார்க்க வேண்டும். போர் தண்ணீர் அவ்வளவு கடினம், குடத்தின் உட்புறம் வெள்ளை வளையம் கட்டும்.

ஸ்டீல் தட்டில் ஒரு சொட்டுக் குழாய்த் தண்ணீரைக் காயவைத்துப் பாருங்கள். அதே வெள்ளை வளையம் வந்தால் குற்றவாளி தண்ணீர். கடைசி அலசலை மட்டும் கேன் தண்ணீரிலோ பிடித்துவைத்த மழைத் தண்ணீரிலோ செய்யுங்கள், ஒரு சொட்டு பாத்திர சோப் சேர்த்தால் தண்ணீர் முத்து முத்தாக நிற்காது. வளையம் வரவில்லை என்றால் ப்ளீச்சின் உப்பு மிச்சம் இருக்கிறது, அரை மணி நேரம் நல்ல தண்ணீரில் ஊறவைத்து மறுபடி கழுவுங்கள். பிளீச்சிங் பவுடர் உபயோகித்திருந்தால் அது சுண்ணாம்பு, பல் துலக்கிதான் வழி. வினிகரில் கழுவினால் போகும் என்று யாராவது சொல்வார்கள். போகும், ஆனால் ப்ளீச் வாசனை இருக்கும்போது வினிகர் ஊற்றினால் மேலே சொன்ன அறிகுறிக்குப் போய்விடுவீர்கள்.

காயவைக்கும் இடம் பற்றி ஒரு வார்த்தை. ஜூன், ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது முற்றத்தில் வைத்தால் கதவுக் கைப்பிடி அளவுள்ள பாகமெல்லாம் தென்னந்தோப்புக்குப் போய்விடும். சல்லடையைக் கவிழ்த்து மூடுங்கள்.

அறிகுறி: பசை நிற்கவில்லை, பெயிண்ட் தோலாக உரிகிறது

பசையில் தொடங்குவோம். பிளாஸ்டிக் சிமெண்ட் என்பது ஒட்டுவதில்லை, இரண்டு பிளாஸ்டிக்கையும் இளக்கிச் சேர்ப்பது. நடுவில் குரோமோ வார்னிஷோ இருந்தால் இளக்க ஒன்றும் இல்லை. உடைந்த இடத்தைப் பாருங்கள், ஒரு பக்கம் வெள்ளித் தோலாக வந்திருந்தால் அதுதான் காரணம். பிளேடைச் செங்குத்தாகப் பிடித்து, ஒட்டும் முகத்தை மட்டும் வெறும் பிளாஸ்டிக் தெரியும்வரை சுரண்டுங்கள். ஃபெவிக்விக் போட்டால் உடனே நிற்கும், அது பிடிப்பது குரோமை. குரோம் பிளாஸ்டிக்கை விட்டுவிட்டால் மொத்தமும் கையோடு வரும்.

பெயிண்ட் உரிந்தால் உரிந்த தோலின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் பிரேக் ஆயில் மிச்சம். வெந்நீர் வேண்டாம், பாத்திர சோப்பில் இரண்டு முறை கழுவி, ஒரு நாள் காயவைத்து, பிரைமரில் இருந்து மறுபடி தொடங்குங்கள். காய்ந்த வழவழப்பாக இருந்தால் மிஞ்சிய வார்னிஷ் மினுங்குகிறது, 1000 நம்பர் தாளில் லேசாக மங்கவைத்தால் போதும். மழைக்காலத்தில் ஸ்பிரே அடித்துப் பெயிண்ட் பனி பூத்த மாதிரி வெளுத்தால் அது குரோம் பிரச்சினையே இல்லை, காற்றின் ஈரம். மழை விட்ட மத்தியானம் பார்த்து அடியுங்கள்.

அறிகுறி: எல்லாம் சரி, ஆனால் மறுபடி குரோம் வேண்டும்

இப்படியும் வருவார்கள், கழற்றிய பிறகு. மோல்டு கோட்டைத் தேய்த்து, வெட்டுத் தழும்பை அடைத்து, மறுபடி மின்ன வேண்டும்.

சின்ன இடத்துக்கு, கண்ணாடி விளிம்பு, கைப்பிடி மாதிரி, மோலோட்டோவின் லிக்விட் குரோம் பேனா. நன்றாக மின்னும், கை பட்டால் மங்கும், மேலே கிளியர் அடித்தாலும் மங்கும். பெரிய பாகத்துக்கு ஏர்பிரஷில் பளபளப்பான கறுப்பு அடித்து, அது கண்ணாடி மாதிரி காய்ந்த பிறகு அல்கிளாட் கம்பெனியின் குரோம் பெயிண்டை மெல்லியதாக, இன்னும் மெல்லியதாக. ஈரம் தெரிகிற மாதிரி அடித்தால் சாம்பல் நிறம்தான் வரும். அடியில் உள்ள கறுப்பில் ஒரு தூசி இருந்தாலும் குரோமில் பத்தாகத் தெரியும்.

இரண்டு தடவை முயன்றும் சாம்பலாகவே வருகிறது, கிட்டும் இனிக் கிடைக்காத பழைய கிட் என்றால், ஆளிடம் விடும் இடம் இதுதான். பிளாஸ்டிக் கோப்பைக்கும் பொத்தானுக்கும் பூச்சு ஏற்றும் வேக்குவம் மெட்டலைசிங் பட்டறையில்தான் கேட்க வேண்டும், காற்றை உறிஞ்சிய சேம்பரில் அலுமினியத்தை ஆவியாக்கிப் படியவைக்கும் வேலை அது. கம்பெனி கிட்டுக்குப் பூச்சு ஏறுவதும் இதே முறையில்தான். எலக்ட்ரோபிளேட்டிங் பட்டறையில் கொடுத்தால் ஸ்டைரீன் பாகத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கொடுக்கும் முன் நீங்கள் செய்ய வேண்டியது, பழைய வார்னிஷ் துளியும் இல்லாமல் எடுப்பது, தழும்புகளை அடைத்து 2000 நம்பர் வரை தேய்ப்பது, பாகங்களைக் கம்பியில் ஒட்டி எண் போடுவது. பெயிண்ட் அடிக்காமல் கொடுங்கள். ஒரு கிட்டுக்கு என்று தனியாகச் சேம்பரை ஓட்ட மாட்டார்கள், அவர்களுடைய அடுத்த லோடோடு சேர்த்துப் போடச் சொல்லுங்கள். போன தடவை நான் கொடுத்த பன்னிரண்டு ரிம் திரும்பி வர ஐந்து வாரம் ஆனது. பதினொன்றுதான் வந்தது.